மூன்று அடுப்பு

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். வாத்தியார் வேலையை உதறிவிட்டு மடத்தில் சேர்ந்த பொன்னுரங்கத்துக்குக் கேள்வி கேட்காவிட்டால் தூக்கம் வராது.

"ஒரு மனுஷன் எப்படி சாமி நாட்டுக்கே தலைவராகிறார்?"

குரு புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு நம்ம ஊர்க் கூட்டத்துல பேச ஒரு சுதந்திரப் போராட்டத் தலைவர் வர்றாரே. அவருக்கு ஊர் போடுற விருந்தை நீ கவனி. பார்த்துட்டு வந்து நீயே சொல்லு."

பொன்னுரங்கம் தெருத்தெருவாக அலைந்தான். மேலத்தெரு சமைத்தால் ராவுத்தர் தெரு வராது. ராவுத்தர் தெரு சமைத்தால் மேலத்தெரு தொடாது. கீழச்சேரியில் உலை வைத்தால் இரண்டு தெருவுமே எழுந்து போய்விடும். கூட்டத்தில் சின்னக் கைகலப்பு வந்தாலும் போதும், தடை போட்டுவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் துரை காத்திருந்தார். பாவம், பொன்னுரங்கம் தலையைப் பிய்த்துக்கொண்டான். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். மூன்று பந்தல், மூன்று அடுப்பு.

எல்லாருக்கும் திருப்தி. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் தலைவர் வந்து இறங்கினார். ஒவ்வொரு பந்தலிலும் அவருக்கு ஓர் இலை போட்டிருந்தது. எதில் உட்கார்ந்தாலும் மற்ற இரண்டு தெருவும் கிளம்பிவிடும். புளியமரத்தடியில் துரை பிரம்பைச் சுழற்றிக்கொண்டு நின்றார். பொன்னுரங்கம் ஓடிப்போய்த் தலைவர் பக்கத்தில் நின்றான்.

தலைவர் மூன்று இலைகளையும் பார்த்தார். சாம்பார் மணத்தது. அவர் எச்சில் விழுங்கியதைப் பக்கத்தில் நின்ற பொன்னுரங்கம் பார்த்தான்.

"இன்னிக்கு நான் விரதம்" என்றார் தலைவர்.

ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மூன்று தெருவும் ஒரே குரலில் வாழ்க போட்டன. கூட்டம் அமோகமாக நடந்தது. துரை பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

சாயங்காலம் பொன்னுரங்கம் மடத்துக்கு ஓடிவந்தான்.

"கண்டுபிடிச்சிட்டேன் சாமி! விரதம்தான் ரகசியம். நானும் நாளையிலிருந்து ஆரம்பிக்கப் போறேன்."

"இன்னிக்கு ஏகாதசியா?"

"இல்லை."

"ரம்ஜானா?"

"அதுவும் இல்லை சாமி."

"பின்னே என்ன விரதம்?"

பொன்னுரங்கத்துக்குத் தலைவர் எச்சில் விழுங்கியது நினைவுக்கு வந்தது.

"எல்லாம் அந்தத் துரை வந்து நின்னதால வந்தது சாமி."

"அவன் மரத்தடியில நின்னான். அடுப்பு மூட்டினானா?"

குரு ஒரு தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றிப் பொன்னுரங்கத்தின் முன்னால் தள்ளினார்.

"சாப்பிடு. அவர் கிளம்பும்போது உன்கிட்ட ஏதாவது கேட்டாரா?"

"கேட்டார் சாமி. வண்டியில ஏறினப்புறம் காதோட காதா கேட்டார். நாளைக்குப் போற ஊர்ல எத்தனை அடுப்புன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நாலுன்னு சொன்னேன். அந்த ஊர்க்காரங்களுக்கு யோசனை சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

குரு ரசப் பாத்திரத்தை மூடினார்.

"அப்போ நாளைக்கும் அவர் விரதம்தான்."

பிசைந்த சோற்றிலேயே பொன்னுரங்கத்தின் கை நின்றுவிட்டது.