செம்பியும் முட்குழல் வழக்கும்

மூங்கில் காட்டின் நடுவே ஒரு மடு. மடுவின் மேற்குக் கரையில் அடர்ந்த ஈச்சம்புதர். அந்தப் புதருக்குள் செம்பி என்ற சருகுமானும் அவள் கணவன் துவரனும் வாழ்ந்து வந்தார்கள்.

சருகுமான்கள் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. கொம்பு கிடையாது. சத்தம் போட்டுப் பேசவும் வராது. அப்படி ஒரு ஜோடி அங்கே இருப்பதே காட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. துவரனுக்கு அதில் வருத்தமே இல்லை. "யாருக்கும் தெரியாம இருக்கிறதுதான் நமக்குப் பாதுகாப்பு!" என்பான்.

அந்தக் கோடையில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செந்நாய்கள் வந்தன. தண்ணீர் குடிக்க வந்தவர்களைத் துரத்தித் துரத்திப் பிடித்தன. காடே நடுங்கியது.

அப்போதுதான் குரங்குகள் முட்குழலைக் கண்டுபிடித்தன. மெல்லிய மூங்கில் குழாய்; அதற்குள் எட்டிக்காய் விழுதில் தோய்த்த முள். குறிபார்த்து ஒரே ஊது! முள் பட்ட விலங்கு சற்றுத் தூரம்கூட ஓடாது. சுருண்டு விழுந்துவிடும்.

முட்குழல் செந்நாய்களை விரட்டியது. மலையணில் ஒருத்தியின் குட்டியைச் செந்நாயின் வாயிலிருந்தே மீட்டுக் கொடுத்தது. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆளுக்கொரு முட்குழல் வேண்டியிருந்தது. கரடி வைத்துக்கொண்டது. கீரி வைத்துக்கொண்டது. மரநாய்கூட வைத்துக்கொண்டது. செந்நாய்கள் போன பிறகும் யாரும் அதைக் கீழே வைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் துவரன் தண்ணீர் குடிக்கக் கிளம்பினான்.

"நீயும் வர்றியா?"

"நீங்க முன்னால போங்க. இந்தப் பழத்தைத் தின்னுட்டு வந்துடறேன்!" என்றாள் செம்பி.

கரையில் காவலுக்கு இருந்தவன் கொண்டையன் என்ற இளங்குரங்கு. பின்னால் சருகு சலசலத்தது. செந்நாய்தான் என்று நினைத்தான். யார் என்று கேட்கவில்லை. சரியாகப் பார்க்கவும் இல்லை. ஊதிவிட்டான்.

செம்பி வந்து சேர்ந்தபோது துவரன் மணலில் கிடந்தான். பக்கத்தில் கொண்டையன் குந்தியிருந்தான். செம்பியைக் கண்டதும் ஒரு அலறல் அலறிவிட்டு மரத்தில் தாவி ஓடிப்போனான். செம்பி மூக்கால் துவரனைத் தொட்டுப் பார்த்தாள். அவன் உடம்பு இன்னும் சூடாகவே இருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் இறந்தாலும் எல்லோரும் வந்து ஆளுக்குக் கொஞ்சம் சருகும் தழையும் போட்டு உடலை மூடுவார்கள். அதன் பிறகுதான் மற்ற வேலை. கொண்டையன் அலறியதில் செய்தி ராத்திரியே காடு முழுக்கப் பரவியிருந்தது. அதனால் மறுநாள் விடிந்ததும் செம்பி கரையிலேயே காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. தூரத்தில் வட்டப்பாறைப் பக்கமிருந்து பெரிய இரைச்சல் மட்டும் கேட்டது. அழைத்து வரலாம் என்று அவளே போனாள்.

பாறையைச் சுற்றிக் காடே திரண்டிருந்தது.

"இதோ வந்துட்டா! வழி விடுங்க!" என்றார் கரடி மூப்பர். செம்பியைப் பாறை மேல் ஏற்றி நிறுத்தினார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அத்தனை கண்கள் தன்னைப் பார்ப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை.

"இந்தப் பொண்ணைப் பாருங்க! துவரன் கையில ஒரு முட்குழல் இருந்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்று முழங்கினார் கரடி மூப்பர்.

"சருகுமானுக்குக் கை ஏது மூப்பரே?" என்று யாரோ கேட்டார்கள்.

"கை இல்லைன்னா காலு! நான் பொதுவாச் சொல்றேன்!"

கடமான் பெரியவர் கொம்பை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "குழல் இருந்ததாலதான் இவ தாலி போச்சு! எல்லாக் குழலையும் இன்னைக்கே முறிச்சுப் போடணும்!"

"முறிச்சுட்டு?" என்று சீறினாள் மலையணில். "என் பிள்ளையை உங்க கொம்பா காப்பாத்துச்சு? நீங்க ஓடின ஓட்டத்தை நான் மரத்து மேல இருந்து பார்த்தேன்!"

பேச்சு சூடாகியது. இரண்டு பக்கத்தாரும் ஆதிவாக்கை இழுத்தார்கள். ஆதிவாக்கு என்பது முதல் யானை காட்டுக்குச் சொன்ன சொற்கள். அதன் முன்னால் எல்லா விலங்கும் தலை குனியும். அதை முழுக்க மனப்பாடமாக வைத்திருந்தவர் இருவாட்சிப் பெரியவர் ஒருவர்தான்.

"'தன் குட்டியைக் காக்காதவன் காட்டுக்கு ஆகாதவன்.' இது ஆதிவாக்குல இருக்கா, இல்லையா? சொல்லுங்க பெரியவரே!" என்றார் கரடி மூப்பர்.

"இருக்கிறது," என்றார் இருவாட்சிப் பெரியவர்.

"'பசிக்கு அல்லாமல் ஓர் உயிரையும் எடுக்காதே.' இது இருக்கா, இல்லையா?" என்றார் கடமான்.

"அதுவும் இருக்கிறது!" என்றார் பெரியவர், பெரிய அலகை நிமிர்த்திக்கொண்டு. ஒரே நாளில் இத்தனை பேர் அவரிடம் வந்து கேட்டதே இல்லை. யார் எந்த அடியைக் கேட்டாலும் ராகம் போட்டுச் சொன்னார். அது எதற்காகச் சொல்லப்பட்டது என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

செம்பி மெல்ல வாயைத் திறந்தாள். "அவரை மூடணும்... கொஞ்சம் பேர் வந்தீங்கன்னா..."

"இரும்மா, முதல்ல இந்த விஷயத்தை ஒரு முடிவுக்குக் கொண்டு வந்துடுவோம்," என்றார் கடமான். பிறகு காதருகே குனிந்து, "கொஞ்சம் சத்தமா அழுதியானா நம்ம பக்கத்துக்கு நல்லது," என்றார்.

செம்பி பாறையை விட்டு இறங்கினாள். அவள் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. மேலே அவள் பெயர் மட்டும் ஒலித்துக்கொண்டே இருந்தது.

கரைக்குத் திரும்பி அவளே சருகு பொறுக்கினாள். சருகுமானின் வாய் எவ்வளவு கொள்ளும்? ஒரு கவ்வு கொண்டு வந்து போட்டாள். அடுத்த கவ்வுக்குப் போவதற்குள் காற்று பாதியை அடித்துக்கொண்டு போனது. காக்கைகள் வந்து உட்கார்ந்தன. சருகைக் கீழே போட்டுவிட்டு அவற்றை விரட்டினாள். விரட்டிவிட்டு மறுபடி பொறுக்கினாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாயா என்று கேட்க ஆள் இல்லை. நன்றாக இருந்த காலத்தில் ஒளிந்து வாழ்ந்தது இனித்தது. இப்போது அதே காடு அவளுக்கு ஆளே இல்லாத காடாகத் தெரிந்தது.

மறுநாள் அவள் சருகோடு வந்தபோது துவரன் பக்கத்தில் ஒரு குவியல் தேக்கிலை இருந்தது. சற்றுத் தள்ளிக் கொண்டையன் நின்றான். கையில் முட்குழல் இல்லை.

"கிட்ட வராதே!" என்றாள் செம்பி.

"வரலைக்கா. இலை மட்டும் வெச்சுட்டுப் போறேன். தேக்கிலை காத்துல சீக்கிரம் பறக்காது."

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்லைக்கா. அதைக் கேக்க எனக்கு வாய் வரலை."

செம்பி அவனை முறைத்துப் பார்த்தாள். ஓடிப்போய் அவனைக் கடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் கண்கள் வீங்கியிருந்தன. காட்டில் வேறு யாருடைய கண்ணும் அப்படி வீங்கியிருக்கவில்லை.

"பாறையில உன்னை வீரன்னு சொல்றார் மூப்பர். கொலைகாரன்னு சொல்றார் கடமான்."

"ரெண்டு பேருமே என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட கேக்கலை."

"என்ன நடந்துச்சு?"

கொண்டையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "செந்நாய் என் தங்கச்சியைக் கொண்டு போச்சு. அதுலருந்து எந்தச் சத்தம் கேட்டாலும் எனக்குச் செந்நாய்தான். சருகு சத்தம் கேட்டுச்சு. ஊதிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன்."

செம்பி ஒரு தேக்கிலையைக் கவ்வித் துவரன் மேல் வைத்தாள். பிறகு கேட்டாள். "அவர் ஏதாவது சொன்னாரா?"

"'செம்பி பின்னால வந்துட்டிருக்கா. அவ இதைப் பார்க்க வேணாம். போய்த் தடுத்துடு'ன்னு சொன்னார். நான் எழுந்திருக்கறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க. பயந்து ஓடிட்டேன்."

செம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமே இல்லாத அழுகை. கொண்டையன் கிட்டே வரவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. தேக்கிலையை ஒவ்வொன்றாக எடுத்து அவள் பக்கமாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தான். அவனை அவள் மன்னிக்கவில்லை. ஆனால் போ என்றும் சொல்லவில்லை.

பாதி மூடியிருப்பார்கள். அதற்குள் பாறைப் பக்கமிருந்து கூச்சல் வேறு மாதிரிக் கேட்டது. செம்பி சருகைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அங்கே பேச்சு முற்றிவிட்டது. "ஆதிவாக்கைத் திரிக்கிறியா?" என்று கத்திக்கொண்டு கீரி தன் முட்குழலைக் கடமானின் நெஞ்சுக்கு நேரே தூக்கியிருந்தது. "உயிரை எடுக்கக் கூடாதுன்னு சொல்றேன், உனக்குப் புரியலையா? கொம்பால குத்திப் புரிய வைக்கவா?" என்று கடமான் முன்னங்காலால் மண்ணைக் கிளறினார். அவர் கூட்டம் கொம்பைத் தாழ்த்தியது. கரடி மூப்பரின் கூட்டம் குழல்களை வாயில் வைத்தது. நடுவில் இருவாட்சிப் பெரியவர் இரண்டு பக்கத்து அடிகளையும் மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க!" என்றாள் செம்பி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

உடனே பாறை மேல் ஏறினாள். பின்னங்கால் குளம்புகளால் பாறையை அடித்தாள். டபடப டபடப டபடப! ஆபத்து வரும்போது சருகுமான்கள் எழுப்பும் ஒலி அது. எல்லோரும் திடுக்கிட்டு வாயை மூடினார்கள்.

"செந்நாயா? எங்கே?" என்றார் கரடி மூப்பர்.

"செந்நாய் இல்லை. ஒரு கேள்வி கேக்கணும்," என்றாள் செம்பி. "துவரன் எந்த இடத்துல கிடக்கிறார்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

கரடி மூப்பர் கடமானைப் பார்த்தார். கடமான் மலையணிலைப் பார்த்தார்.

"மடுக்கரையிலதான்..." என்று இழுத்தார் மூப்பர்.

"எந்தக் கரையில?"

மூப்பர் கிழக்கே கையை நீட்டினார்; பிறகு மேற்கே நீட்டினார்.

"அவர் போனதிலிருந்து அவர் பேரைச் சொல்லித்தான் எல்லாரும் பேசறீங்க. ஒருத்தர்கூட வந்து அவர் மேல ஒரு இலை போடலை. போட்டவன் கொண்டையன் ஒருத்தன்தான். அவரைக் கொன்னவன்!"

கீரியின் குழல் மெல்லத் தாழ்ந்தது. இருவாட்சிப் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இறந்தவரைப் பற்றி ஆதிவாக்கில் ஓர் அடி..." என்று தொடங்கினார்.

"இப்போ வேண்டாம் பெரியவரே," என்றாள் செம்பி.

அவர் அலகை மூடிக்கொண்டார்.

"குழலை வெச்சுக்கறதா முறிக்கறதான்னு எனக்குத் தெரியலை. அணிலக்கா பிள்ளை உயிரோட இருக்கு. எனக்கு அதுல சந்தோஷம்தான். ஆனா தண்ணி குடிக்க வர்றது யாருன்னு பார்க்காம ஊதக் கூடாது. இதைச் சொல்லக்கூட ஆதிவாக்கு வேணுமா?"

முதலில் மலையணில்தான் மரத்திலிருந்து இறங்கி வந்தாள். தன் முட்குழலைப் பாறை ஓரமாக வைத்தாள். "நான் வந்திருக்கணும் செம்பி. வரலை," என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் கரையை நோக்கி நடந்தாள். பின்னாலேயே கீரி போனது. கடமான் தலை குனிந்து போனார். கரடி மூப்பர் போகிற வழியெல்லாம், "இருந்தாலும் நான் சொன்னதில் நியாயம் இருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனாலும் கை நிறையத் தழை ஒடித்துக்கொண்டு போனார். துவரன் உடல் மூடப்பட்டது.

அதன் பிறகு காட்டில் ஒரு கட்டுப்பாடு வந்தது. மடுக்கரைக்கு யாரும் முட்குழல் கொண்டு வரக் கூடாது. செந்நாய்க்காக மலை இடுக்கில் வைக்கும் காவலாளும், முதலில் குரல் கொடுத்துப் பதில் வருகிறதா என்று பார்த்த பிறகே ஊத வேண்டும். கரடி மூப்பரும் கடமானும் இன்றைக்கும் ஆதிவாக்கை வைத்துச் சண்டை போடுகிறார்கள். வெறும் வாயால்தான்.

கொண்டையன் மறுபடி குழலைத் தொடவே இல்லை. மடுக்கரை மரத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களைக் குரல் கொடுத்து விசாரிப்பது அவன் வேலையானது. மலையணில் காலையில் வந்து ஈச்சம்புதருக்கு மேலே உட்கார்ந்து ஏதாவது பேசிவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் செம்பி தனியாகத்தான் இருந்தாள். புதரில் பாதி இடம் காலியாகவே கிடந்தது.

அந்தக் கட்டுப்பாடு வந்த பிறகு முதல் தடவை அவள் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தபோது, "யாரது?" என்று மரத்திலிருந்து கொண்டையன் கேட்டான்.

"நாங்கதான்," என்றாள் செம்பி, பழக்கத்தில். அப்படியே நின்றுவிட்டாள்.

"நான்தான். செம்பி," என்று திருத்திச் சொன்னாள்.

"வாங்கக்கா," என்றான் கொண்டையன்.

அவள் தண்ணீரில் வாய் வைத்தாள்.

அடுத்தவர் துயரத்தை எடுத்து வாதாடுமுன் அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அப்படி நிற்காதவர் வாயில் எவ்வளவு புனிதமான வாக்கும் வெறும் சத்தமே.