பொடி தூவிய போளி

“கிராம்பு எண்ணெய்னு சொல்றார், மூக்குல ஏறவே இல்ல. பால் பவுடரை இடிச்சுக் கொடுத்துட்டு நம்ம காதுல பூ சுத்தறார்.”

குமுதவல்லி இதைப் பூவராகனின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். ஆசிரமத்துச் சமையலறை அவள் பொறுப்பு. மலையேறும் யாத்திரைக்காரர்களுக்குத் தேங்காய்ப் போளி அங்கிருந்துதான் போகும். போன திருவிழாவில் போளி வழியிலேயே பூஞ்சை பூத்து, தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். விழுந்த திட்டு அத்தனையும் அவள் தலையில்.

பூவராகன் ஆய்வுக்கூட வேலையை விட்டு ஆசிரமத்துக்கு வந்தவர். போளி கெடாமலிருக்க மேலே தூவ ஒரு பொடி செய்து கொண்டுவந்திருந்தார்.

“எண்ணெயை அப்படியே சேர்த்தா போளி பல்வலி மருந்து மாதிரி அடிக்கும்மா. அதான் பால் புரதத்துக்குள்ள பொதிஞ்சிருக்கேன். கண்ணுக்கே தெரியாத உருண்டைங்க. உள்ள இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு டப்பாவுக்குள்ள நிறையும், பூஞ்சை அண்டாது.”

“கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. வேற எதுக்குத்தான் தெரியும்?”

வழக்கு குருவிடம் போனது. யோகாம்பாள் குமுதவல்லியைவிட வயதில் இளையவர். அதனால் என்ன, குரு குருதான்.

“பொய்னா இந்த ஆளை மலையை விட்டு இறக்கிடுங்கம்மா” என்றாள் குமுதவல்லி.

குரு தலையசைத்தார். பொடி தூவிய போளியை இரண்டு எவர்சில்வர் டப்பாவில் அடைக்கச் சொன்னார். ஒன்று அவருடைய அலமாரிக்குப் போனது. மற்றதைக் குமுதவல்லியிடம் நீட்டினார்.

“கொடியேத்தத்தன்னிக்குப் பார்ப்போம். அதுவரைக்கும் இது உங்க பொறுப்பு.”

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூவராகன் அடுப்படிப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்து போனால்கூட டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஆளையே ஏமாற்றுகிறவன் போளியை மாற்றி வைக்க மாட்டானா? மாவு ஒட்டிய கையாலேயே ஒன்றைப் பிட்டு முகர்ந்தாள். ஒன்றுமில்லை. ஒருமுறை மட்டும் லேசாகக் கிராம்பு மணந்தது. ரசத்து வாசனை என்று தள்ளிவிட்டாள். ரசத்தில் யார் கிராம்பு போடுவார்கள் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

கொடியேற்றத்தன்று அவள் டப்பாவில் போளி பச்சையாகப் பூத்திருந்தது.

“பார்த்தீங்களாம்மா?” அவள் குரலில் கவலையைக் காணோம்.

குரு தன் டப்பாவைத் திறந்தார். போளி வைத்தது வைத்தபடி இருந்தது.

குமுதவல்லி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பூவராகனைப் பார்த்தாள்.

“ஒரே கல்லுல சுட்டு ஒரே பொடி தூவினது. அப்ப என் டப்பாவுல யாரோ கை வச்சிருக்காங்க.”

“அவர் வச்சாரா?” என்று கேட்டார் குரு.

“விட்டாத்தானே? நான்தான் ஓயாம திறந்து...”

அவள் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

குரு பூவராகனிடம் திரும்பினார். “யாத்திரைக்காரங்களுக்குப் பொடி தூவியே அடைச்சிடுங்க. மூடியை இறுக்கமா மூடுங்க.”

மதியத்துக்குள் டப்பாக்கள் வாசலில் வரிசையாக நின்றன. தூக்கிப் போக ஆள் வந்தாயிற்று. குமுதவல்லி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தபடி கடைசி டப்பாவரைக்கும் போனாள். அங்கே நின்றாள்.

“அம்மா, அனுப்புறதுக்கு முன்னாடி... இதை மட்டும் ஒரே ஒரு தரம் திறந்து பார்த்துக்கட்டுமா?”