நிற்கத் தெரிந்த மெஷின்

“அம்மா, அது பொய் சொல்லிடுச்சு” என்றார் நாச்சியப்பன்.

சவுக்குத் தோப்புக் கொட்டகையில் கமலத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எது?”

“நான் செஞ்ச மெஷின்.”

நாச்சியப்பனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்திய மனுஷர். தன் மகள் வயதுள்ள கமலத்தம்மாவைக் குருவாக வரித்துக்கொண்டவர். நல்லவர்தான். ஆனால் கேட்கிறவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. குரு கிடைத்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

அம்மா பேசியதையெல்லாம் வருஷக்கணக்காக டேப்பில் பிடித்து வைத்திருந்தார். அத்தனையையும் மெஷினுக்கு ஊட்டினார். தோப்புக்கு வர முடியாதவர்கள் போன் போட்டால் போதும், அம்மா குரலிலேயே பதில் வரும். செய்யலாமா என்று கேட்டபோது அம்மா வாயே திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட புத்திசாலி நம்ம நாச்சியப்பன்.

“யார்கிட்ட சொல்லுச்சு?”

“குப்பத்துக் காத்தாயிகிட்ட. அவ மகன் மதியழகன் புயலுக்கு முன்னாடி கடலுக்குப் போனானே. கூடப் போனவங்க உடம்பெல்லாம் கரை ஒதுங்கிடுச்சு. இவனை மட்டும் காணோம். என் புள்ள வருவானான்னு போன்ல கேட்டிருக்கா. வருவான் தாயின்னு சொல்லிடுச்சு.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

“அதுலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. மகன் வந்ததும் சேர்ந்து சாப்பிடறேங்கிறா. கரையிலேயே உக்காந்திருக்கா. ஊரே சொல்லியும் கேக்கலை. அம்மா வாக்கு பொய்க்காதாம். இப்படியே விட்டா அவளும் போயிடுவா, அம்மா.”



“நான் யார்கிட்டயாவது அப்படிச் சொல்லியிருக்கேனா?”

“இல்லை. டேப்பையெல்லாம் தேடிப் பார்த்துட்டேன். மகனைத் தொலைச்ச ஒருத்தர் இதே கேள்வியை உங்ககிட்ட கேக்கறார். கேட்டுட்டு அழறார். நீங்க பேசவே இல்லை. டேப் அது பாட்டுக்கு ஓடுது. சவுக்குல காத்து அடிக்கிற சத்தம்தான் கேக்குது. கடைசில, ‘ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க’ங்கிறீங்க.”

“அதை மெஷினுக்குக் குடுத்தீங்களா?”

நாச்சியப்பன் தலை குனிந்தார்.

“வெட்டிட்டேன். நீங்க சும்மா இருந்த இடத்தையெல்லாம் வெட்டிட்டேன். ஒண்ணுமில்லாத இடம்தானேன்னு...”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதை நாச்சியப்பனால் தாங்க முடியவில்லை.

“சரிபண்ணிடலாம் அம்மா! இது ஆரம்பம்தான். இனிமே வரப்போறது டாக்டரைத் தூக்கிச் சாப்பிட்டுடும், வக்கீலைத் தூக்கிச் சாப்பிட்டுடும். எந்தக் கேள்வியா இருந்தாலும்...”

“நீங்க முதமுதல்ல பார்த்த மெஷின் எப்படி இருந்துச்சு?”

இதென்னடா கேள்வி என்று விழித்தார்.

“ஒரு ரூம் பூரா இருக்கும். கணக்கு மட்டும்தான் போடும். அட்டையில ஓட்டை போட்டு உள்ளே விடணும். அட்டையில தப்பு இருந்தா அப்படியே நின்னுடும். சிவப்பு பல்பு எரியும். நாங்க விழுந்தடிச்சு ஓடுவோம். பெரிய ரோதனை.”

“அப்புறம்?”

“அப்புறம் அதைச் செஸ் ஆட வெச்சாங்க. படத்தைக் காட்டி, நாய் எது பூனை எதுன்னு சொல்ல வெச்சாங்க. பேச வெச்சாங்க. எங்கெங்கே நின்னுச்சோ அங்கெல்லாம் நிக்காம பண்ணினோம். என் ஆயுசுக்கும் அதானே வேலை.”

“அந்த பல்பு?”

“அதை எப்பவோ கழட்டி...”

பேச்சு பாதியில் நின்றது. நாச்சியப்பன் வாயில் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை.

அம்மா எழுந்து போய், ஒரு தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தார்.

“நீங்களும் வாங்க அம்மா.”

“மெஷின் உங்களுது.”

“அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?”

அம்மா கீரைக்குத் திரும்பிவிட்டார்.

காத்தாயி படகு நிழலில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எதிரே இரண்டு தட்டு. ஒன்று அவளுக்கு, ஒன்று மகனுக்கு.

“ஐயா, நீங்க அம்மாகிட்ட இருக்கிறவருதானே? என் புள்ள வந்துடுவான்தானே?”

தேடறாங்கம்மா. மனசைத் திடப்படுத்திக்கோ. எல்லாம் அவன் செயல். பதில்கள் நாச்சியப்பன் நாக்கு நுனிவரை வந்து முட்டின. எல்லாமே நல்ல பதில்கள்தான்.

அவர் மணலில் உட்கார்ந்தார். தூக்குவாளியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“என்னய்யா, வாயைத் திறந்து சொல்லுங்களேன்!”

அவர் வாயைத் திறக்கவில்லை. கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அடித்தாள்கூட. பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை உருவி எடுத்தாள்.

“அம்மா, என் புள்ள வருவா...”

“வருவான் தாயி, கலங்காதே.”

அதே குரல். அதே கனிவு. ஊரெல்லாம் கேட்கச் சொல்லி நாச்சியப்பன் பீற்றிக்கொண்ட குரல்.

காத்தாயி போனைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு மகனுடைய தட்டை எடுத்து மணலில் கவிழ்த்தாள்.

“அடப் பாவி மவனே, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேடா!”

மாரில் அடித்துக்கொண்டு அவள் போட்ட ஓலத்தில் குப்பமே எழுந்து ஓடிவந்தது. நாச்சியப்பன் இருந்த இடத்திலேயே இருந்தார்.

மணலில் கிடந்த போன் கேட்டது.

“வேற என்ன தாயி? கேளு, சொல்றேன்.”