ஆளவந்தானும் அடங்காத விக்கலும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைமங்கலம் என்ற சீமையை வில்லவராயன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்ல ராசாதான். என்ன, காலையில் ஒன்று சொல்வான், சாப்பிட்டுக் கை கழுவியதும் வேறொன்று சொல்வான். யாராவது வேடிக்கை காட்டினால் போதும், ராஜ்ஜிய காரியமெல்லாம் ஓரமாய்ப் போய்விடும்.

அவன் சபையில் ஆளவந்தான் என்று ஒரு மல்லன். பங்குனித் தேரின் முதல் வடத்தைப் பிடிக்கும் மரியாதை இருபது வருஷமாக அவனுக்குத்தான். அந்த ஒரு நாள் ஊரே அவன் தோளைப் பார்த்து வாய் பிளக்கும். மற்ற நாளெல்லாம் அந்த ஒரு நாளை நினைத்தே அவன் சோறு தின்றான்.

அந்த வருஷம் பொங்கலன்று அரண்மனை வாசலில் இளவட்டக்கல்லைத் தூக்கிக் காட்டினான். கல் மார்புக்கு வந்தது, தோளுக்கு ஏறியது. கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. முன்வரிசையில் நின்ற உப்புக்காரி மகள் பேச்சி, பத்து வயசுக்காரி, கணீரென்று கத்தினாள்.

"மாமா, வேட்டி!"

ஆளவந்தான் கல்லைப் போட்டுவிட்டு, அவிழப் பார்த்த வேட்டியைப் பிடித்தான். ராசாவே விழுந்து விழுந்து சிரித்தான்.

கூட்டம் கலைந்தது. ஆளவந்தானுக்கு மட்டும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. குளித்தாலும் பேச்சி, படுத்தாலும் பேச்சி. 'சுண்டைக்காய் அளவு இல்லை, என் மானத்தை வாங்கிவிட்டாளே!'

அன்று சாயங்காலமே பேச்சிக்கு விக்கல் பிடித்தது. விக்கிக்கொண்டே, சேற்றில் சிக்கிய உப்பு வண்டிக்குச் சும்மா ஒரு கை கொடுத்தாள். "விக்!" வண்டி மாட்டோடு சேர்ந்து இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. அவள் ஆத்தா போட்ட கூச்சலில் பேச்சியே பயந்துபோனாள்.

சேதி கேட்ட ராசா அவளை அழைத்தான். பேச்சி பட்டத்து யானையின் வயிற்றுக்கடியில் புகுந்தாள். "விக்!" யானை அந்தரத்தில் காலை உதைத்தது. ராசா குதூகலத்தில் சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டான்.

"இந்த வருஷம் முதல் வடம் இந்தப் பிள்ளைக்குத்தான்!"

ஆளவந்தானுக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. எத்தனை தண்டால், எத்தனை படி பாதாம், எத்தனை வருஷம்! ஒரு விக்கலுக்கு முன்னால் எல்லாம் வீணா? எரிச்சல் ஏற ஏறப் பேச்சியின் விக்கலும் ஏறியது. அது அவனுக்குத் தெரியாது. விக்கல் நின்றால் பலமும் போய்விடும் என்பதை மட்டும் கவனித்து வைத்திருந்தான்.

"மன்னா, இது சூனியம். நாளைக்கு நான் சபையிலே சோதிக்கிறேன். நிஜ பலமென்றால் என் முன்னால் இளவட்டக்கல்லைத் தூக்கட்டும். முடியாவிட்டால் தாயும் மகளும் ஊரைவிட்டே போகட்டும்."

"ஆகட்டும்" என்றான் ராசா, யோசிக்காமலே.

மறுநாள் பேச்சி கல்லருகே குனிந்ததும், ஆளவந்தான் பூனைபோலப் பின்னால் போய், "ஓய்!" என்று கர்ஜித்தான். பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. விக்கல் நின்றது. கல் அசையவில்லை.

"ராசா, பச்சப்புள்ளய்யா! நாங்க எங்கே போவோம்?" என்று அவள் ஆத்தா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆளவந்தான் மீசையை முறுக்கினான். 'ஒழிந்தாள் பேச்சி! இனிமேல் என்னைப் பார்த்துச் சிரிப்பாளா?' என்று நினைத்தானோ இல்லையோ...

"விக்!"

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மந்திரி பூதலிங்கம் தலை நிமிர்ந்தார். முறுக்கிய மீசையைப் பார்த்தார், விக்கிய பிள்ளையைப் பார்த்தார்.

"பாப்பா, விக்கல் எடுத்தா உங்க வீட்டிலே என்ன சொல்லுவாங்க?"

"யாரோ நெனைக்கிறாங்கன்னு சொல்லுவாங்க, தாத்தா. ஆத்தா நெனைச்சா ஒரு விக்கல்தான். தண்ணி குடிச்சா நின்னுரும். இது பொங்கலிலேருந்து என்ன குடிச்சாலும் மறுபடி மறுபடி வருது!"

"பொங்கலிலிருந்தா!" மந்திரி சிரித்துக்கொண்டார். "மன்னா, இதில் சூனியமும் இல்லை, கீனியமும் இல்லை. ஆளவந்தாரே, நான் இந்த வெற்றிலையை மென்று முடிக்கும்வரை இந்தப் பிள்ளையை நினைக்காமல் இரும். இருந்துவிட்டால் முதல் வடம் உமக்கே. இவர்கள் ஊரைவிட்டுப் போகட்டும்."

"இவ்வளவுதானா?" ஆளவந்தான் அந்தக் கல்லின் மேலேயே சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

வீட்டு எருமையை நினைத்தான். எருமை. எருமைத் தயிர். தயிர்ச்சோறு. சோற்றுக்கு உப்பு. உப்புக்காரி...

"விக்!"

சட்டென்று தேரை நினைத்தான். தேர், அதன் வடம், இருபது வருஷமாய் அவன் பிடித்த வடம், அதை இப்போது பிடிக்கப்போகிற அந்தச் சின்னக் கை...

"விக்! விக்!"

சபை முழுக்கச் சிரிப்பு. ஆளவந்தான் கண்ணைத் திறந்தான். எல்லோருடைய தலையும் அவனுக்குக் கீழே இருந்தது.

"மாமா, கெட்டியாப் பிடிச்சுக்குங்க!" என்று கல்லுக்கடியிலிருந்து குரல் வந்தது.

ராசா கண்ணீர் வரச் சிரித்து, கழுத்து முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். "முதல் வடம் பேச்சிக்கு! ஆளவந்தானே, அவள் பலமே உன் வயிற்றெரிச்சல்தானய்யா!"

கீழே இறங்கிய ஆளவந்தானுக்குத் தலை நிமிரவில்லை. மந்திரி மெல்லச் சொன்னார்: "மன்னா, இவர் நினைக்காவிட்டால் தேர் நகராதே. இவருக்கும் ஒரு வேலை வேண்டும்."

"அப்படியானால் இவனும் பரிவட்டம் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று மனசாரப் பொறாமைப்படட்டும்!"

பங்குனி வந்தது. ஆளவந்தான் வயிறெரிந்தான், பேச்சி விக்கினாள், தேர் மூன்று வீதி தாண்டியது. நான்காம் வீதி முனையில் பொசுக்கென்று நின்றது. விக்கல் இல்லை. பேச்சி இழுத்துப் பார்த்தாள், வடமும் அசையவில்லை, தேரும் அசையவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

ஜனங்கள் பரிவட்டத்தைப் பார்த்து ஆளவந்தானைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் முகமெல்லாம் பல்லாக நின்றான். பொங்கலுக்குப் பிறகு முதன்முதலாகப் பேச்சியை மறந்தே போயிருந்தான்.

பேச்சி மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினாள்.

"மாமா, வேட்டி!"

ஆளவந்தான் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தான். வேட்டி பத்திரமாக அதன் இடத்தில்தான் இருந்தது.

"விக்!" தேர் கடகடவென்று நிலைக்குப் போய்ச் சேர்ந்தது.