இரண்டு கட்டைவிரல்கள்

"இந்த அநியாயத்தைக் கேக்க ஆளே இல்லையா டீச்சர்?"

கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார் தணிகாசலம். கதவைக்கூடத் தட்டவில்லை. கையில் ஒரு கடிதம், மூச்சில் அனல்.

டீச்சர் என்றால் ரோசலின். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவர். தணிகாசலத்தைவிடப் பதினொரு வயது சின்னவர். ஆனாலும் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனை உட்காரவைத்து, அடுத்தவர் எழுதிய புரோகிராம் கோடை வரிவரியாகப் படிக்கப் பழக்கியது அவர்தான். இன்றைக்குத் தணிகாசலம் டீம் லீடர். டீச்சர் டீச்சர்தான்.

"உக்காருங்க சார்."

"உக்கார்ற நிலைமையிலயா இருக்கேன்? அந்த முபீனா எழுதின கோடு, டயாலிசிஸ் சென்டர்ல ஒரே நாற்காலியை ஒரே நேரத்துல ரெண்டு பேருக்குக் கொடுத்திருக்கு. நாப்பது கிலோமீட்டர் பஸ்ல வந்த ஒரு அம்மா, காலெல்லாம் வீங்கிப்போய் சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில உக்காந்திருக்காங்க. உங்களுக்கு வயிறு எரியலையா?"

"எரியுது."

"எரியுதில்ல? அப்ப கையெழுத்துப் போடுங்க."

கடிதத்தை மேஜைமேல் வைத்தார். முபீனா ஆறு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, இரண்டு மாதம் முன்னால்தான் மறுபடி வேலைக்கு வந்தவள். வேலை நிரந்தரமாக இன்னும் பத்து நாள் பாக்கி. 'கவனக்குறைவால் நோயாளிக்குத் துன்பம் விளைவித்தவர்: முபீனா. பணியில் தொடரத் தகுதியற்றவர்' என்று கடிதம் சொன்னது. இரண்டு கையெழுத்து விழுந்தால் அவள் கிளம்ப வேண்டியதுதான். தணிகாசலத்தின் கையெழுத்து விழுந்தாகிவிட்டது.

ரோசலின் கடிதத்தை முழுசாகப் படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

"அவங்க எழுதின கோடை யாரும் பார்க்கலையா சார்?"

அவ்வளவுதான், தணிகாசலத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பார்க்காம சிஸ்டத்துக்குள்ள போகுமா? நான் கட்டின ஏற்பாடு டீச்சர் அது! முன்னெல்லாம் கோடை எழுதிட்டு, 'யாராச்சும் பாருங்கய்யா'ன்னு ரெண்டு நாள் ஒவ்வொருத்தர் சீட்டா போய்க் கெஞ்சணும். நான்தான் அதைக் கொண்டுவந்து ஆபீஸ் சாட் குரூப்ல இணைச்சேன். மணி அடிக்கும். 'பார்த்துச் சொல்லுங்கள்'னு செய்தி வரும். ரெண்டு பேர் 'பார்த்தாச்சு, சரி'ன்னு கட்டைவிரல் படம் போட்டா உள்ள போயிடும். ரெண்டு நாள் வேலை ரெண்டு நிமிஷத்துல!"

உண்மைதான். அதற்காக ஆண்டு விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"முபீனா கோடுக்குக் கட்டைவிரல் போட்டது யார் சார்?"

"ஒண்ணு விசுவநாதன். அன்னிக்கு லீவு, பழனியில இருந்தே போட்டான், பாவம்."

"இன்னொண்ணு?"

"நான்தான். அதுல என்ன? எழுதினவங்க ஒழுங்கா எழுதியிருப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை இருக்கில்ல? அந்த நம்பிக்கையில மண்ணைப் போட்டுட்டாங்களேன்னுதான் ஆத்திரமே!"

டீச்சர் கடிதத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அதுவே தணிகாசலத்தை இன்னும் கிளப்பிவிட்டது. அட, காட்டமாய் ஒரு பதில் சொன்னாலாவது சண்டை போடலாமே!

"எனக்கு இதெல்லாம் விளையாட்டு இல்ல டீச்சர். காலையில பஸ்ல வரும்போதே வேலையை ஆரம்பிச்சுடறேன். இந்த போன்லயே நூத்தி நாப்பது கோடு பார்த்து விட்டிருக்கேன்."

"கம்ப்யூட்டர்ல?"

"எதுக்கு? அந்தத் தொல்லையே வேண்டாம்னுதானே சாட்ல இணைச்சது. செய்தியைத் தொட்டா கோடு நேரா திறக்கும். போன்ல முதல் தடவை மட்டும் பாஸ்வேர்ட் கேக்கும். ஒருதடவை போட்டாச்சுன்னா அப்புறம் ஜென்மத்துக்கும் கேக்காது. அப்படி அமைச்சிருக்கேன்."

"நல்ல அமைப்பு சார்" என்றார் ரோசலின். மனதாரத்தான் சொன்னார். "தப்பு எந்த வரியில இருக்கு?"

"வரி... நடுவுல எங்கியோ."

"காட்டுங்களேன். பார்த்துட்டே கையெழுத்துப் போட்டுடறேன்."

"தாராளமா!"

தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். குரூப்பைத் திறந்து, மேலே தள்ளித் தள்ளிப் போய் முபீனாவின் செய்தியைக் கண்டுபிடித்தார். கீழே இரண்டு கட்டைவிரல்கள் மஞ்சளாய் நின்றன. செய்தியைத் தொட்டார்.

திரை வெளுத்து, ஒரு கட்டம் வந்தது.

பாஸ்வேர்ட் கேட்டது.

பின்னால் போய் மறுபடி தொட்டார். மறுபடி கேட்டது. அவருக்குக் காது மடல் சூடேறியது. இந்த இழவெடுத்த போனை ஜன்னல் வழியாக வீசலாமா என்றிருந்தது.

"போன் புதுசா சார்?"

"இல்ல." குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு வருஷமாச்சு."

"போட்ட பாஸ்வேர்டை நடுவுல அழிச்சீங்களா?"

"இல்ல."

வெளியே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முபீனா திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பா பிரிக்காமல் பக்கத்திலேயே இருந்தது.

போன் மணி அடித்தது. வேறு யாரோ எழுதிய கோடு. பார்த்துச் சொல்லுங்கள். தணிகாசலத்தின் கட்டைவிரல் பழக்கத்தில் எழுந்து, திரைக்கு மேலே அப்படியே நின்றது.

ரோசலின் பேனா மூடியைக் கழற்றினார். கடிதத்தைத் தன் பக்கம் நகர்த்தி, முதல் கையெழுத்துக்குக் கீழே முனையை வைத்தார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு படிச்சுட்டீங்கல்ல சார்?"

தணிகாசலம் பாய்ந்து கடிதத்தைப் பிடுங்கினார். பேனா காகிதத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டது.

"இருங்க டீச்சர்."

"ஏன் சார்?"

"பேரு தப்பா இருக்கு."