யாருக்கு வழி?

குழந்தைகளே, ஒரு காட்டில் யானைகள் பெரிய நிறுவனம் ஒன்றை நடத்திவந்தன. எந்த விலங்கு எந்தப் பக்கமாகப் போனால் சிக்கலில்லாமல் தண்ணீருக்குப் போய்ச் சேரலாம் என்று வழி வகுத்துக் கொடுப்பதுதான் அங்கே வேலை. வேலை கிடைத்தவர்கள் குடும்பத்தோடு வற்றாத சுனையருகே குடியிருக்கலாம். கோடையில் அந்தச் சுனையை நினைத்துப் பெருமூச்சு விடாத விலங்கே கிடையாது.

முள்ளம்பன்றியும் முயலும் அங்கே நடக்கும் நேர்முகத் தேர்வுக்குச் சேர்ந்தே தயாராயின. மணலில் வழிகளை வரைவதும் அழிப்பதுமாகப் பொழுது போனது. முள்ளம்பன்றி எதை வரையத் தொடங்கினாலும், “யாருக்கு வழி?” என்று முயல் கேட்டுவிடும். தொணதொணக்காதே என்று முள்ளம்பன்றி எரிந்து விழும். முயல் சிரித்துவிட்டு மறுபடியும் கேட்கும்.

தேர்வு நாளில் முள்ளம்பன்றியை முதலில் கூப்பிட்டார்கள். குளத்துக்கு ஒரு வழி வரைந்து காட்டு என்றது தலைமை யானை. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முள்ளம்பன்றிக்கு மூளை ஓடவே இல்லை. நல்ல வேளையாக முயலின் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது.

“யாருக்கு வழி, ஐயா?”

யானையின் முகம் மலர்ந்தது. எனக்குத்தான் என்ற அது, முள்ளம்பன்றி வரைந்த அகலமான வழியைப் பார்த்தது. முடிவைப் பிறகு சொல்வதாகச் சொல்லி வெளியே காத்திருக்கச் சொன்னது.

வாசலில் நின்ற நாரை, காலியாக இருப்பது ஒரே ஓர் இடம்தான் என்றது. அதைக் கேட்டதும் முள்ளம்பன்றிக்குத் தாகத்தில் சுருண்டு கிடக்கும் தன் குட்டிகள் கண்முன் வந்தன. அந்த நேரம் பார்த்து முயல் ஓடிவந்து, உள்ளே எப்படி என்று விசாரித்தது.

“எதையும் கேட்டுவிடாதே. கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்கள். சட்டென்று வரைந்துவிடு” என்றது முள்ளம்பன்றி.

முயல் வாயை இறுக மூடிக்கொண்டு உள்ளே போனது. முட்புதர்களுக்கு அடியில் புகுந்து போகும் குறுக்குவழி ஒன்றை அழகாக வரைந்தது. இதில் நான் எப்படி நுழைவேன், யாருக்கு என்று ஏன் கேட்கவில்லை என்றது யானை.

“கேட்கத்தான் நினைத்தேன் ஐயா. கேட்கக் கூடாதென்று முள்ளம்பன்றி அண்ணன் சொன்னார். அவர் என் நல்லதுக்குத்தான் சொல்வார்.”

யானை முயலை அனுப்பிவிட்டு முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது.

“நாங்கள் போடும் வழியை நம்பித்தான் இந்தக் காடே நடக்கிறது. உன்னை நம்பியவளுக்கு நீ காட்டிய வழியைப் பார்த்துவிட்டேன். நீ போகலாம்.”

கொளுத்தும் வெயிலில் இரண்டும் வீட்டுக்கு நடந்தன. முயலின் கண்கள் கலங்கியிருந்தன.

“அண்ணா, உள்ளே நான் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. என்னால்தான் உங்களுக்கும் வேலை கிடைக்காமல் போய்விட்டது. என்னை மன்னித்துவிடுங்கள்.”

உண்மையைச் சொல்ல முள்ளம்பன்றி வாயைத் திறந்தது. ஆனால் முயலின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு முயல் அந்த மணலில் தினமும் காத்திருந்து பார்த்தது. முள்ளம்பன்றி அந்தப் பக்கம் வரவே இல்லை.

நீதி: நம்மை நம்பியவரை ஏமாற்றினால், அவர் மன்னிப்புக் கேட்கும்போது கூட நம்மால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.