காலுக்கடியில் இல்லாத பிரேக்

ஏலகிரி மலையடிவாரத்தில், புளியமரங்களுக்கு நடுவே ஒரு சின்ன மடம். அந்த மடத்துக் குருவுக்குச் சீடர்கள் அதிகம் இல்லை. இருந்த கொஞ்சம் பேரில் தணிகாசலம்தான் மூத்தவர். குருவைவிடவும் நன்றாகவே மூத்தவர். "சாமி தவழ்ந்த காலத்துல நான் லைசென்ஸ் வாங்கிட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். குருவும் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தணிகாசலம் வருவதை மடம் காதால் அறியும். பெரிய ரோட்டிலிருந்து அவர் வண்டி திரும்பும் சத்தம் கேட்டதும், சமையல்காரர் கோதண்டம் உலையில் கூட ஓர் ஆழாக்கு அரிசி போடுவார்.

அந்த ஞாயிறு சத்தம் வரவில்லை. தணிகாசலம் வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பெல்லாம் புழுதியாக நடந்து வந்தார்.

"அரிசி போடலையே" என்றார் கோதண்டம், தப்பு வந்தவருடையதுதான் என்பதுபோல.

குரு முற்றத்தில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் எதிரே உட்கார்ந்து, தானும் ஒரு பிடி அள்ளிக்கொண்டார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"எந்தக் கம்பெனி வண்டி நல்ல வண்டி?"

குரு நிமிர்ந்து பார்த்தார். ஜோலார்பேட்டையில் யார் பைக் வாங்கினாலும் தணிகாசலத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல் முன்பணம் கட்டமாட்டார்கள். கேள்வி திசை மாறி வந்திருந்தது.

"நீங்களே சொல்லுங்களேன்" என்றார் குரு.

தணிகாசலத்துக்கு அதைச் சொல்ல மூச்சு முட்டாது. முதல் வண்டி ராஜ்தூத். வேலை கிடைத்த புதிதில் வாங்கியது. காட்டுமாடு மாதிரி உழைப்பு, கரடுமுரடான பாதை அதற்குத்தான் பிடிக்கும். அப்புறம் யெஸ்டி. அதில் உதைத்துக் கிளப்புகிற கம்பியே மடங்கினால் கியர் கம்பி. அந்தச் சாமர்த்தியத்துக்காகவே வாங்கினார். யமஹாவைப் பற்றிச் சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்தது. அது கன்னுக்குட்டி சாமி, அவிழ்த்து விட்டால் போதும். பிள்ளைகள் படிப்பு வந்தபோது ஒரு ஹீரோ ஹோண்டா. பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும். ஆனால் எல்லாவற்றையும்விட அதிக வருஷம் வீட்டில் இருந்தது புல்லட்தான். பழைய புல்லட். மாமனார் மாதிரி. மெதுவாகத்தான் வரும், வந்தால் தெருவே எழுந்து நிற்கும்.

"வண்டி ஓடும்போது நான் யாரையும் பேச விடமாட்டேன் சாமி. இன்ஜின் பேசும். அதைக் கேக்கணும். வேதவல்லி இத்தனை வருஷமா பின்னாடி உக்காந்து வர்றா, ஒரு வார்த்தை பேசினதில்லை."

வேதவல்லி அவர் மனைவி. பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அந்தம்மா ஒரு ஸ்கூட்டர் வச்சிருக்காங்களே, அது எப்படி?"

"அதை வண்டின்னு சொல்லப்படாது சாமி. தையல் மெஷின்."

குரு ஒரு மொச்சையை வாயில் போட்டுக்கொண்டார். "இவ்வளவு தெரிஞ்சவர் இன்னிக்கு ஏன் பஸ்ல வந்தீங்க?"

தணிகாசலத்தின் கை நின்றது. பிறகு சொன்னார்.

போன பௌர்ணமிக்கு வழக்கம்போல மனைவியோடு மலைக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து, எந்த வண்டி இருந்தாலும், பௌர்ணமிக்கு மலை. இறங்கும்போது ஒரு வளைவில் எருமைக்கன்று ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்காமல் உறுமிக்கொண்டு துள்ளியது. மிதித்தது இடது காலால்.

"பழைய புல்லட்டுல பிரேக் இடது பக்கம், கியர் வலது பக்கம். மத்த எல்லாத்துலயும், இப்ப இருக்கற வண்டியிலயும், அப்படியே மாறி இடது பக்கம் கியர் இருக்கும். புல்லட்டை வித்து எத்தனையோ வருஷம் ஆச்சு. எனக்கு மறந்துபோச்சு சாமி. காலுக்கு மறக்கலை. உயிர் போற நேரத்துல அது பழைய இடத்துக்கே போயிடுச்சு. ஏதோ, கைப்பிரேக்கைப் பிடிச்சதுல கைப்பிடிச் சுவர்கிட்ட நின்னுது."

"அந்தம்மா?"

"ஒண்ணும் சொல்லலை. இறங்கினா. பக்கத்து டீக்கடைக்கு நடந்தா. பஸ் வந்துச்சு, ஏறிப் போயிட்டா. வீட்டுக்குப் போனா சோறு போட்டா. அதைப் பத்திப் பேச்சே இல்லை." மொச்சைத் தோலைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "அதுக்கப்புறம் வண்டியைத் தொடலை. ஆம்பூர்ல ஒரு பழைய புல்லட் இருக்குன்றாங்க. அதையே வாங்கிட்டா இடது கால் சொல்றபடி ஓட்டலாம். ஆனா வலது கால் இத்தனை வருஷமா வேற படிச்சிருக்கே? ரெண்டு காலுக்கும் ரெண்டு மதம். எந்த வண்டி வாங்கினா இந்தப் பயம் போகும்? அவ மறுபடி பின்னாடி உக்காருவாளா? அதான் கேக்க வந்தேன்."

குரு எழுந்தார். உரித்த மொச்சையை ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார். மேலே ஒரு வீட்டில் அதைக் கொடுக்க வேண்டும் என்றார். மடத்துக்கென்று யாரோ பக்தர் கொடுத்த ஸ்கூட்டர் ஒன்று புளியமரத்தடியில் நின்றிருந்தது.

தணிகாசலம் தயங்கினார். "ஓட்ட மாட்டேன் சாமி."

"நான் ஓட்டறேன். நீங்க ஏறுங்க."

பின்னால் உட்காருவது அவருக்குப் புதிது. யார் கையிலும் வண்டியைக் கொடுத்தவர் இல்லை, யார் பின்னாலும் உட்கார்ந்தவரும் இல்லை. குருவோ ஸ்கூட்டர் ஓட்டுவதில் பேர் வாங்கியவர் அல்ல. வளைவில் ஆரன் அடிக்க மறப்பார். மயில் தெரிந்தால் அதைப் பார்ப்பார். லாரி எதிரே வந்தபோது தணிகாசலம் மொச்சைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். முருகா என்றார், சத்தம் வராமல்.

எருமைக்கன்று வந்த அதே வளைவில் குரு வண்டியை ஓரம் கட்டினார்.

"வண்டி ஒரு மாதிரி ஆடுது, தணிகாசலம் ஐயா."

"நான் ஒண்ணும் பண்ணலையே சாமி."

"காலைப் பாருங்க."

பார்த்தார். கால் வைக்கும் இடத்தில் இரண்டு பாதமும் முழு பலத்தோடு ஊன்றியிருந்தன. வண்டி நின்ற பிறகும் கட்டை விரல்கள் செருப்பைக் கவ்விக்கொண்டிருந்தன.

"என்ன அமுக்கறீங்க?"

"பிரேக்கு."

"அங்கே பிரேக் இருக்கா?"

"இல்லை."

"எந்தக் கால் அமுக்குது? புல்லட்டா, மத்ததா?"

தணிகாசலம் மறுபடி குனிந்து பார்த்தார். "ரெண்டும்தான் சாமி."

குரு சாவியைத் திருப்பினார். கிளப்புவதற்கு முன்னால், திரும்பிப் பாராமல் கேட்டார்:

"இந்த இடத்துலதானே வேதவல்லியம்மா உக்காருவாங்க?"

மேலே அந்த வீட்டில் மொச்சையைக் கொடுத்துவிட்டு இறங்கினார்கள். வழியெல்லாம் தணிகாசலம் தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலை வேதவல்லி பின்கட்டில் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், நேராகவே கேட்டார். வண்டியில் உட்கார்ந்தால் அவள் காலால் எதையாவது அமுக்குவாளா என்று.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நிச்சயம் முடிஞ்ச மறுவாரம் ராஜ்தூத்துல ஏத்தினீங்களே, அன்னிலேருந்து அமுக்கறேன். உங்க வண்டிக்கெல்லாம் மூணாவது பிரேக் நான்தான்."

"சொல்லவே இல்லையே."

"எங்கே பேச விட்டீங்க? இன்ஜின் பேசுதுன்னீங்க."

அவர் ஒரு காம்பை எடுத்து, ஆய்ந்ததையே மறுபடி ஆய்ந்தார். "அன்னிக்கு வளைவுல?"

"அன்னிக்கு ரெண்டு காலும் சேத்து அமுக்கினேன். அதனாலதான் நின்னுது. நீங்க உங்க கை நிறுத்துச்சுன்னு நெனச்சிட்டிருக்கீங்க."

"நீ கோபத்துல பஸ் ஏறிட்டியோன்னு நெனச்சேன்."

"கோபமா? காலு நடுங்கிச்சு. பின்னாடி ஏற முடியலை. டீக்கடையில உக்காந்தேன், பஸ் வந்துச்சு. நீங்க பேயறைஞ்ச மாதிரி நின்னீங்க. நாமும் பேசினா உடைஞ்சு போயிடுவீங்களோன்னு விட்டுட்டேன்."

தணிகாசலம் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. முறத்திலிருந்த கறிவேப்பிலை பாதி தரையில் சிந்தியது.

அடுத்த ஞாயிறும் மடத்தில் சத்தம் வரவில்லை. கோதண்டம் அரிசி போடவில்லை. உலை கொதித்து முடிகிற நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் புளியமரத்தடியில் வந்து நின்றது. முன்னால் வேதவல்லி, முந்தானையை இழுத்துச் செருகியபடி. பின்னால் தணிகாசலம், மடி நிறையக் கத்திரிக்காய்.

"ரெண்டு பேருன்னா ரெண்டு நாளைக்கு முன்னாடியே சொல்லி அனுப்பணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கோதண்டம் அடுப்படிக்குத் திரும்பினார்.

வேதவல்லி இறங்கி, சாவியைப் புருஷன் கையில் வைத்தாள். "போறப்ப மலைக்குப் போயிட்டுப் போலாம். இறங்கறப்ப நீங்க ஓட்டுங்க. இதுல பிரேக்கெல்லாம் கையிலதான், காலுக்கு வேலையில்லை. அடுத்த பௌர்ணமிக்கு உங்க வண்டியிலயே போலாம். எனக்கும் கால் பழக்கம் விட்டுப்போயிடக் கூடாது பாருங்க."

தணிகாசலம் சாவியைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு முறை தட்டிக்கொண்டார்.

குரு முற்றத்திலிருந்து எழுந்து வந்தார். ஸ்கூட்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஆம்பூர் புல்லட் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை.

"இன்ஜின் எப்படி?" என்று கேட்டார். "சத்தம் கித்தம் ஏதாவது உண்டா?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். ஒரு மைல் தூரத்தில் போகிற வண்டிக்குச் செயின் தளர்ந்திருப்பதைச் சொல்லக்கூடியவர். திரும்பி ஸ்கூட்டரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டார்.

"கவனிக்கலை சாமி. வழியெல்லாம் பேசிட்டே வந்தோம்."

குரு கத்திரிக்காயை வாங்கிக்கொண்டார்.

"அப்ப நல்ல வண்டிதான்."